ஏழாம் துளை

மாலை ஏழரை. புந்தா அரேனாஸ்.
நீரிணைக் காற்று பள்ளிக்கூடத் தகரத்தைத்
தட்டிக்கொண்டே இருக்கிறது,
தாமதமாக வந்துவிட்டு உள்ளே வரத் தயங்கும் ஒருவனைப் போல.
வந்துவிட்டவர்கள் ஒன்பது பேர்.
இளையவருக்கு முப்பத்தொன்று, மூத்தவருக்கு அறுபத்து நான்கு.
எல்லோருடைய முழங்கால்களும்
பிள்ளைகளுக்குச் செய்த மேசைகளில் இடிக்கின்றன.

நான் கொண்டுவந்தது
ஒரு ஜோடி பூட்ஸ்,
துளைக்கருவியின் உடைந்த பல் ஒன்று,
ஈரத்தில் உப்பிப்போன நோட்டு.
ஏழு வாரம் தெற்கே,
கடல் உறைந்து தரையாகிக் கிடக்கும் இடத்தில்
ஆராய்ச்சிக் குழுவுக்கு அளவுகோல் பிடித்தவள் நான்.
விஞ்ஞானி அல்ல.
இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.
சொன்னதும் நாற்காலிகள் கொஞ்சம் முன்னே நகரும்.

குறை எண்களை எங்கே தொடங்குவதென்று
இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன்.
எலிசேயோ பாரியா காத்திருக்கவில்லை.
நண்டு ஆலையில் குளிரறைப் பொறுப்பு அவருக்கு.
"உள்ளே மைனஸ் இருபத்திரண்டு, வெளியே நாலு.
கதவைத் திறந்து வரும்போதெல்லாம்
இருபத்தாறு படி ஏறுகிறேன், டானிட்சா டீச்சர்.
என் மூட்டைக் கேளுங்கள்."
நாலிலிருந்து மைனஸ் இருபத்திரண்டைக் கழித்து
கரும்பலகையில் எழுதினேன்.
இரண்டு கழித்தல் குறி சேர்ந்தால் கூட்டல், அது விதி என்று
பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன்.
அதற்கு ஒரு கதவு இருந்திருக்கிறது.

பிறகு சராசரி.
நோட்டைத் திறந்தேன். கடல்பனியில் பன்னிரண்டு துளை.
தடிமன்களைக் கூட்டினால்
ஆயிரத்து முந்நூற்று இருபது சென்டிமீட்டர்.
விடை நூற்றிருபது, எனக்கு மனப்பாடம்.
மூன்று வருடம், மூன்று வகுப்பு, அதே நூற்றிருபது.

நோல்ஃபா மன்சில்லா கை தூக்கினார்.
துறைமுகத்தருகே வண்டியில் எம்பனாடா பொரித்து விற்பவர்.
கடைசியாகப் பள்ளியில் வாங்கியது முட்டை என்று
சிரிக்காமல் சொன்னவர்.
"பன்னிரண்டு துளை என்றீர்களே.
எனக்கு நூற்றுப்பத்துதான் வருகிறது."

பக்கத்தைத் திருப்பினேன்.
ஏழாம் துளை. பென்சிலில், கோணலாக, என் கையெழுத்து:
ஒன்றுமில்லை. மேலே பனித்தூள், கீழே தண்ணீர்.
ஞாபகம் வந்தது.
துளைக்கருவி சட்டென்று கைநழுவி இறங்கியது,
யாரோ என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்,
சூப் குடித்த பிறகும் விரல் நடுங்கியது.
ஒன்றுமில்லாததை எதற்குச் சேர்ப்பதென்று
பதினொன்றால் வகுத்திருக்கிறேன்.

நோல்ஃபா சொன்னார்:
"காற்றடித்து ஒன்றுமே விற்காத நாளும் நாள்தானே?
அன்றைக்கும் எண்ணெய் காய்ந்தது.
அதை விட்டுவிட்டு வாரக்கணக்குப் போட்டால்
நான் பணக்காரி."
வகுப்பு சிரித்து அடங்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றிரவு குழுவின் அறிக்கையைத் தேடி எடுத்தேன்.
நூற்றுப்பத்து.
அவர்கள் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.
மூன்று வருடமாக அது என் அலமாரியில் இருந்தது.

முந்தைய இரண்டு வகுப்புகளுக்கும் செய்தி அனுப்பினேன்:
சராசரி தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.
புவெர்தோ நத்தாலெஸில் பஸ் ஓட்டும் ஒருவர் மட்டும்
பதில் போட்டிருந்தார்:
"எதன் சராசரி, டீச்சர்?"

வியாழக்கிழமை நோல்ஃபா சீக்கிரம் வந்தார்,
கையில் பொரித்த வாசனையோடு.
"அந்த ஏழாவதில், தண்ணீர் எவ்வளவு ஆழம்?"
அளக்கவில்லை என்றேன்.
கயிறு வண்டியில் இருந்தது, எல்லோரும் பயந்திருந்தோம்.
தலையசைத்தார்.
தன் நோட்டில் தடிமன் என்ற கட்டத்தில்
பூஜ்ஜியம் போட்டார், நன்றாக வட்டமாக.
ஆழம் என்ற கட்டத்தில் பென்சிலை வைத்து
எடுத்துவிட்டார்.
அது வெறுமையாகவே இருக்கிறது.